நாலாம் நம்பர் குட்டி

ஆர்டித் நோவாட்னிக்கு ஒரு பாம்பு வேண்டும். இந்த ஆசை பிடித்தபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது அறுபத்தேழு. நடுவில் போன ஐம்பத்தொன்பது வருஷமும் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவளும் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது. ஐயோவாவில், சீடர் ராப்பிட்ஸ் பக்கத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில், ஹ்ரூஷ்கா வாத்தியார் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டியில் சோளப்பாம்பு வைத்திருந்தார். நம் ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷம் கிடையாது. செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். எலிக்கு மட்டும்தான் எமன். ஒரு ஜனவரிக் காலையில் பள்ளிக்கூடத்து பாய்லர் மக்கர் பண்ணிவிட, பிள்ளைகளெல்லாம் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் அந்தப் பாம்பை எடுத்து ஆர்டித்தின் கையில் கொடுத்தார். அவள்தான் பயப்படாதவள். அது அவள் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, தலையை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கணக்குப் பாடம் முடியும்வரை அசையாமல் கிடந்தது. அவளும் அசையவில்லை. அன்று நடத்திய வகுத்தல் கணக்கு அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

"பாம்பு இந்த வாசல் வழியா உள்ள வந்தா, நான் அதே வாசல் வழியா வெளிய போறேன்" என்றாள் அம்மா. நாற்பது வருஷம் இதையே சொன்னாள். அப்புறம் படுக்கையில் விழுந்து பதினோரு வருஷம் எந்த வாசல் வழியாகவும் போகாமல் கிடந்தாள். ஆர்டித்தான் பார்த்துக்கொண்டாள். மெர்ல் என்று ஒரு லாரி டிரைவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். அம்மாவை விட்டு வர முடியாது, கொஞ்சம் பொறு என்றாள். அவனுக்குப் பொறுமை அவ்வளவு இல்லை. நெப்ராஸ்காவில் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான்.

வேலையும் அவளுக்கு அதே மாதிரிதான் அமைந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கிற வேலை. அங்கே கிடந்தவர்களில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளாத ஆளே கிடையாது. பேச்சு போனவர்கள், பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தவர்கள், எல்லோரும் அவள் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டுதான் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். அப்போதெல்லாம் அது அவளுக்குத் தொல்லையாக இருந்தது. ஓய்வு பெற்ற மறுமாதம், கடையில் சில்லறை கொடுத்த பெண்ணின் விரல் தற்செயலாகக் கையில் பட்டபோது, தன்னை யாரும் தொட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது என்று ஆர்டித்துக்கு உறைத்தது. காரில் வந்து உட்கார்ந்து சற்று நேரம் வண்டியை எடுக்காமலே இருந்தாள்.

அவள் இருப்பது வயதானவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு. நாய், பூனை கூடாது என்பது சட்டம். போன வருஷம் வந்த புது மேனேஜர், இரண்டாம் மாடிக்காரரின் கிளிச் சண்டையைத் தீர்ப்பதற்காக, 'கூண்டில் அடைத்த பிராணி, வீட்டுக்கு ஒன்று' என்று ஒரு திருத்தம் போட்டார். தாளில் பாம்பு கூடாது என்று எழுதியிருக்கவில்லை. ஆர்டித் அதை நாலு தடவை படித்துவிட்டு, மறுநாளே மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கிவிட்டாள்.

வாங்கினால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். ஐம்பத்தொன்பது வருஷம் பாம்பில்லாமல் இருந்தவள் பாம்பைப் பற்றிப் படித்தே பொழுதைப் போக்கியிருக்கிறாள். தொட்டியின் ஒரு மூலை சூடாக, ஃபாரன்ஹீட் கணக்கில் எண்பத்தைந்து டிகிரி இருக்க வேண்டும். மறு மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். நாலு மாதம் காலித் தொட்டிக்குச் சூடு காட்டி, காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துத் தாளில் குறித்தாள். எதிர்வீட்டு கொரின் டெட், தபால் ஆபீசில் முப்பது வருஷம் ஊர்க்கதையெல்லாம் பிரித்து அடுக்கியவள், காபிக்கு வரும்போதெல்லாம் தொட்டியைக் குனிந்து பார்ப்பாள்.

"என்னடி, உங்க ஒண்ணுமில்லாதவரு எப்படி இருக்காரு? சாப்பிட்டாரா? தூங்கறாரா?"

"கிண்டல் பண்ணிக்கோ. வரட்டும், உன் மடியிலதான் முதல்ல விடுவேன்."

"விடு, விடு. அன்னிக்கே என் கருமாதிச் சாப்பாட்டுக்கும் சொல்லி வச்சிரு. உருளைக்கிழங்கு சாலட் மட்டும் நீ பண்ணாத, உப்பு போட உனக்கு வராது."

பாம்பை யாரிடம் வாங்குவது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. லைல் ஹௌகன். வெல்டராக இருந்து முதுகு போன பிறகு, வீட்டுக் கீழ்த்தளத்தில் சோளப்பாம்பு வளர்த்துக் குட்டி விற்கிறவன். அந்த வட்டாரத்தில் பாம்புக்காரர்கள் மத்தியில் அவனுக்கு நல்ல பெயர், கூடவே முசுடு என்ற பெயரும். முட்டையிலிருந்து வந்த குட்டி ஐந்து வேளை தானாகச் சாப்பிட்ட பிறகுதான் விற்பான். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என்றைக்குப் பொரிந்தது, என்றைக்குச் சட்டை உரித்தது, என்றைக்கு எலிக்குஞ்சு தின்றது, என்றைக்கு வேண்டாம் என்றது, எல்லாம் அதில் தேதியோடு இருக்கும். "வேண்டாம்னு சொன்னதயும் எழுதாதவன் கிட்ட எதுவும் வாங்காதீங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வான்.

ஜூலையில் அவனுடைய பெண்பாம்பு ஒன்று இட்ட பன்னிரண்டு முட்டையும் பொரியத் தொடங்கின. பட்டியலில் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் படம் அனுப்பினான். முட்டையோட்டைக் கீறி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலாம் நம்பர் குட்டியைப் பார்த்ததும் ஆர்டித்துக்கு மனசு போய்விட்டது. பாம்பு வளர்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வாய் திறந்து ஒரு வேளை சாப்பிடாத குட்டியின் மேல் ஆசை வைக்கக் கூடாது என்று அவர்களில் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குப் புத்தி சொல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வைத்திருப்பார்கள்.

"இப்பவே முடிவு பண்ணாதீங்க, ஆர்டித். சாப்பிடட்டும், அப்புறம் பேசலாம்" என்று லைல் எழுதினான். அவள் ஆகட்டும் என்று பதில் போட்டுவிட்டு, அந்தப் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

மற்ற பதினொன்றும் சாப்பிட்டன. லைல் சுருக்கமாக நாலு என்று சொல்கிற அந்த நாலாம் நம்பர் மட்டும் சாப்பிடவில்லை. லைலும் விடவில்லை. ஐஸில் உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தான், கழுவிக் கொடுத்தான், இருட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தான், பல்லி வாசனை தடவிக் கொடுத்தான். பல்லி வாசனைக்கு இரண்டு தடவை தின்றது. அப்புறம் அதற்கும் இல்லை. ஆர்டித் வாரத்துக்கு இரண்டு முறை கேட்டு எழுதினாள். அவன் இரண்டு முறையும் உள்ளதை உள்ளபடி எழுதினான். அக்டோபரில், கவுன்டி பொருட்காட்சி மைதானத்துக் கூடத்தில் பாம்புச் சந்தை கூடுகிற ஞாயிறு நெருங்கியபோது அவள் கெஞ்சி ஒரு வரி எழுதினாள்: 'எனக்கு விற்க வேண்டாம். கொண்டு மட்டும் வா, ஒரு தடவை பார்க்கிறேன்.'

கொரின்தான் காரோட்டினாள். "பாம்பு வாங்க அம்பது மைல் போற ஆள இப்பத்தான் பாக்கறேன். எங்க பண்ணையில பாம்பு தானா வரும். எங்கப்பா மண்வெட்டியோட வரவேற்பாரு" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அறுவடை முடிந்த சோளக்காடுகள் இருபுறமும் மொட்டையாகக் கிடந்தன. காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவள், வண்டிக்குள் குளிரெடுத்ததும் இறங்கி உள்ளே வந்தாள். வாசலில் முதல் மேஜையிலேயே, தாடி வைத்த ஓணான் மாதிரி ஒன்றை யாரோ நீட்ட, ஐயோ ஐயோ என்றுகொண்டே தடவியும் பார்த்துவிட்டாள்.

தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் எதையும் தொடுவதற்கு முன் நேரே லைல் மேஜைக்குத்தான் வருவார்கள். இன்னொரு மேஜைப் பிராணியைத் தொட்ட கையில் உண்ணியோ நோயோ ஒட்டிக்கொண்டு வரும் என்பது அவன் கணக்கு. கொரின் மேஜையில் கை ஊன்றப் போனபோது அவன் எழுந்துவிட்டான்.

"எதையாவது தொட்டீங்களா?"

"ஒரு ஓணான். அதுவும் அதுவா வந்து பட்டுது."

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. வந்து அந்தத் தூண்கிட்ட நில்லுங்க."

"முப்பது வருஷம் கவர்மென்ட்டு உத்தியோகம் பாத்தவள தூண்கிட்ட நிக்க வைக்கறான் பாருடி" என்று கொரின் சொன்னாள். ஆனால் போய்க் கழுவினாள், திரும்பி வந்து தூணருகே நின்றாள்.

லைல் மேஜைக்கு அடியில் வைத்திருந்த வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். நாலு அதற்குள் இருந்தது. படத்தில் பார்த்ததைவிட நிறம் அழகு. ஆனால் முதுகு கூரை மாதிரி நடுவில் எழும்பி நின்றது. பக்கத்தில் தோல் மடிந்திருந்தது. வால் பக்கம் வற்றிப்போயிருந்தது. ஆர்டித் எதையும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. முப்பத்தொரு வருஷம் மனிதர்களிடம் பார்த்த அடையாளங்கள்தான்.

"என்ன எடை?"

"ஆறு கிராம். பொரிஞ்சப்ப ஏழு இருந்துச்சு. கூடப் பொறந்ததெல்லாம் இப்ப பதினாலு, பதினஞ்சு."

"கையில தரியா?"

அவன் யோசித்துவிட்டுக் கொடுத்தான். நாலு அவள் விரல்களுக்கிடையே புகுந்து மணிக்கட்டுக்கு வந்தது. ஒரு சுற்றுதான் எட்டியது, அவ்வளவு சின்னது. தலையை அவள் நாடி துடிக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.  சுற்றி முந்நூறு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கியில் யாரோ நீல நிற வண்டியை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தேன், இது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"லைல், இத எனக்குக் குடுத்துடு."

"சாப்பிடாததக் குடுக்க மாட்டேன்னு முன்னயே சொன்னேனே."

"நீ என்ன விலை சொல்றியோ அதத் தரேன். நான் பாத்துக்கறேன். சாப்பிட மாட்டேன்னு வாய மூடிக்கிட்டவங்க எத்தன பேருக்கு ஊட்டியிருக்கேன் தெரியுமா உனக்கு? எங்கம்மாவுக்குப் பதினோரு வருஷம்."

"அதுக்காகத்தான் தரமாட்டேன்" என்றான் லைல். "நீங்க இவ்வளவு வருஷமா ஆசைப்பட்டது பாம்பு வளக்கறதுக்கா, இல்ல மறுபடியும் ஆஸ்பத்திரி நடத்தறதுக்கா?"

"எங்கிட்ட எப்படி இருக்கு பாரு. என்னைப் பிடிச்சிருக்கு அதுக்கு."

 லைல் முசுடுதான், கல்நெஞ்சன் இல்லை. "ஆர்டித், உங்களுக்கே தெரியும். நல்ல குட்டி கையில நிக்காது. பொறந்து மூணு மாசம், உலகத்துல எல்லாமே அத முழுங்க வர்ற மாதிரிதான் அதுக்கு இருக்கும். ஓடும், சீறும், கடிக்கும். இதுக்கு ஓடத் தெம்பில்ல. உங்க கை சூடா இருக்கு, ஒட்டிக்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."

அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள், அடுத்தவர்களுக்கு எழுதியும் இருக்கிறாள். ஆனால் ஹ்ரூஷ்கா வாத்தியாரின் வகுப்பில் அன்று பாய்லர் ஓடவில்லை என்பது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பாம்பும் குளிருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போல இருந்தது அவளுக்கு. நாலைக் கையிலிருந்து பிரித்து எடுத்தாள். டப்பாவில் வைத்தாள். விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

கூடத்தின் மறுகோடியில் ஒருவன் சோளப்பாம்புக் குட்டிகளைப் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். கோபத்தில் அவள் நேரே அங்கே போய் நின்றாள். நாலின் நிறத்திலேயே ஒன்று இருந்தது.

"இது சாப்பிடுதா?"

"ஓ, பிரமாதமா சாப்பிடும்."

"கடைசியா என்னிக்குச் சாப்பிட்டுது?"

"அது வந்து... இந்த வாரத்துலதான்."

"எப்பப் பொரிஞ்சுது?"

"மொத்தமா வந்ததும்மா. எல்லாம் குட்டிங்கதான், பாத்தாலே தெரியலயா?"

ஆர்டித் குனிந்து பார்த்தாள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் கிடந்தன. அது உண்ணி. குட்டி தலையைத் தூக்கி வாயை லேசாகத் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ கொர் என்றது. கண்ணின் மேல் பழைய சட்டை உரியாமல் பாதி ஒட்டியிருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கணம் அவள் கை பைக்குள் போனது. வாங்கினால் அவன் அந்த இடத்தில் இன்னொரு நோயாளியைக் கொண்டுவந்து வைப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

திரும்பி வந்தபோது லைல் கேட்டது ஒரே கேள்விதான்.

"தொட்டீங்களா?"

"இல்ல."

"நிஜமா?"

"தொடலப்பா! நான் என்ன கொரினா?"

"எல்லாம் காதுல விழுது" என்றாள் கொரின் தூணருகிலிருந்து.

லைல் ஒன்பதாம் நம்பர் டப்பாவைத் திறந்தான். ஆர்டித் கையை நீட்டியதுதான் தாமதம், குட்டி எஸ் மாதிரி வளைந்து, வாலைப் படபடவென்று ஆட்டி, பாய்ந்து அவள் கட்டைவிரலைக் கடித்தது. பெரிய கடி ஒன்றும் இல்லை. ஊசி முனையில் குத்தியது போல இரண்டு மூன்று ரத்தப் புள்ளி. கொரின் போட்ட கூச்சலில் பக்கத்து மேஜையில் ஆமை விற்றவன் எழுந்து நின்றுவிட்டான்.

"செத்தேன்! அடியே, ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?"

"சும்மா இருடி. பூனைக்குட்டி இதவிட நல்லா பிராண்டும்."

கடித்த குட்டியை ஆர்டித் நிதானமாகப் பார்த்தாள். கண் இரண்டும் கண்ணாடி மாதிரி தெளிவு. உடம்பு உருண்டை, எங்கேயும் மடிப்பு இல்லை. வயிற்றுச் செதிள்கள் ஒரே சீர். வால் நுனிவரை பழைய சட்டை ஒட்டியிருக்கவில்லை. மூச்சுச் சத்தமே இல்லை. நாக்கு உள்ளே வெளியே என்று ஓயவில்லை. அவள் விரல் இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குப் பிடித்துப் பிடித்து ஏறி, முழங்கையைத் தாண்டித் தோளுக்குப் போய், அங்கிருந்தும் தப்பிக்கப் பார்த்தது. சீட்டில் எட்டு வேளைச் சாப்பாட்டுக்குத் தேதி இருந்தது. ஒன்றுக்குக்கூட 'வேண்டாம்' இல்லை.

அதைவிட நல்ல குட்டி அந்தக் கூடத்தில் இல்லை. ஆர்டித் அதைத்தான் வாங்கினாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கடனே என்று வாங்குகிறாள் என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

"நாலு தேறிச்சுன்னா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்" என்றான் லைல். "ஒரு வாரத்துக்கு இதத் தொடாதீங்க. மூடியத் திறந்து எங்கருக்குன்னு தேடவும் கூடாது. எல்லாரும் தேடுவாங்க. நீங்க தேடாதீங்க."

அவள் தேடவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஐம்பத்தொன்பது வருஷம் காத்துக் கடைசியில் வீட்டுக்கு வந்த பாம்பு, ஏழு நாளும் மரச்சீவலுக்கு அடியில் ஒளிந்து, வால்நுனியைக்கூடக் காட்டவில்லை. காபிக்கு வந்த கொரின், "ஒண்ணுமில்லாதவரு இன்னும் ஒண்ணுமில்லாமத்தான் இருக்காரா?" என்று கேட்டாள். எட்டாம் நாள் மதியம் ஆர்டித் இடுக்கியில் எலிக்குஞ்சை நீட்டினாள். அது வெளியே வந்து பாய்ந்து பிடித்தது. தின்ற பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. பத்தாம் நாள் கையில் எடுத்தாள். அது நிற்கவில்லை. வலது கையிலிருந்து இடது கைக்கு, இடது கையிலிருந்து வலது கைக்கு என்று அவள் கையை மாற்றி மாற்றி நீட்ட, அது நதி போல ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷத்தில் அவள் தோள் வலித்தது, அதை உள்ளே விட்டாள்.

நல்ல பிராணி, அழகு, ஆரோக்கியம், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளுக்கு அதன்மேல் மரியாதை இருந்தது. ஆனால் காபி போடும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் நினைத்துக்கொண்டிருந்தது மணிக்கட்டில் ஒரு சுற்றாகக் கிடந்த ஆறு கிராமைத்தான். செத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். லைலைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை லைலே கூப்பிட்டான்.

"ஆர்டித், நாலு சாப்பிட்டுடுச்சு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்ன சொல்ற?"

"நீங்க போன ரெண்டாவது வாரம் என்ன தோணுச்சோ, தானா எடுத்துச்சு. பல்லி வாசனை கிடையாது, ஒண்ணும் கிடையாது. அன்னிலேருந்து நிறுத்தல. நேத்தோட அஞ்சு வேளை. பத்து கிராம் தாண்டிடுச்சு."

ஆர்டித் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். குளிர்பெட்டிக் கதவில் முட்டைக்குள்ளிருந்து அது மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்னேன், சொல்லிட்டேன். உங்க பில்டிங்ல ஒண்ணுதான் வச்சுக்கலாம்னு தெரியும். வேணும்னா ஒன்பத நான் திருப்பி எடுத்துக்கறேன். யாருக்கும் இப்படிச் செய்யறதில்ல, உங்களுக்குச் செய்யறேன். சனிக்கிழம அந்தப் பக்கம் வரேன். மாத்திக்கலாமா?"

மாத்திக்கலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. இரண்டு நாள்தான் நடுவில். சனிக்கிழமை மத்தியானம் அது இந்த அறையில், இந்தக் கையில் இருக்கும். ஆசையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எட்டு வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"இப்ப உன் கையிலயா வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"நேத்து வச்சிருந்தேன்."

"அன்னிக்கு என் கையில கிடந்த மாதிரியே கிடக்குதா? சுத்திக்கிட்டு?"

 லைல் 'வேண்டாம்' என்றதையும் சீட்டில் எழுதுகிற ஆள்.

"இல்ல, ஆர்டித். அதெல்லாம் போச்சு. மூணாவது வேளைக்கு அப்புறம் கையிலயே நிக்க மாட்டேங்குது. வால ஆட்டறது என்ன, சீறறது என்ன. நேத்து தீனிக்கு முன்னால எடை போட எடுத்தேன், பாஞ்சு கடிச்சிடுச்சு."

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. கடிச்சத விடவும் இல்ல சனியன்."

"அப்ப பிழைச்சிருச்சு" என்றாள் ஆர்டித்.

"பிழைச்சிருச்சு. சந்தேகமே வேணாம்." அவன் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "என்ன சொல்றீங்க, சனிக்கிழம கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம்ப்பா. கடிக்கறதுக்கு இங்கயே ஒண்ணு இருக்கு. நீ அத நல்ல இடமாப் பாத்துக் குடு."

போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை. அந்தக் குட்டி பிழைத்ததில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு துக்கமும் இருந்தது. தெம்பு வந்ததும் எல்லாமே தன்னை விட்டுப் போகும். தெம்பில்லாதவர்கள்தான் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட அவள் யார் என்று தெரியாது. இதை நினைக்காமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டாள், இன்று முடியவில்லை. எதிர்வீட்டில் கொரின் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தாள். அவள் கதவைத் தட்டலாமா என்று ஆர்டித் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் தடவை எழுந்து போய்த் தட்டினாள். கொரின் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, செத்துப் போச்சா?"

"இல்ல. எல்லாம் நல்லா இருக்கு" என்றாள் ஆர்டித். "கொரின், சும்மா கொஞ்ச நேரம் என் கையப் பிடிச்சுக்கிறியா?"